மருந்தால் கெடும் சிறுநீரகமும் தாவரச் சாரங்களும்: எலி ஆய்வுகள் எதைச் சொல்கின்றன?

1. கேள்வி

மூக்கிரட்டை, நெருஞ்சில், சிறுபீளை, கீழாநெல்லி, முருங்கை, கருஞ்சீரகம், மஞ்சள், இஞ்சி, பூண்டு, மாதுளைத் தோல், பச்சைத் தேயிலை என்று பட்டியல் நீள்கிறது. மருந்துகளால் கெடும் சிறுநீரகத்தை இவை காக்கின்றன என்று சொல்லும் ஆய்வுக் கட்டுரைகள் இந்தியா, ஈரான், எகிப்து, நைஜீரியா, சீனா ஆகிய நாடுகளிலிருந்து நூற்றுக்கணக்கில் வந்துவிட்டன. அவற்றின் அமைப்பு பெரும்பாலும் ஒன்றே. ஒரு கூட்டம் எலிகளுக்கு ஜென்டாமைசினோ சிஸ்பிளாட்டினோ செலுத்திச் சிறுநீரகத்தைக் கெடுப்பார்கள். இன்னொரு கூட்டத்துக்கு அதே மருந்தோடு தாவரச் சாரத்தையும் ஊட்டுவார்கள். இரண்டாம் கூட்டத்தில் கேடு குறைந்திருக்கும். அந்தத் தாவரத்துக்குச் சிறுநீரகக் காப்புத் திறன் உண்டு என்ற வரியோடு கட்டுரை முடியும்.

இந்தக் கட்டுரைகளைத் தொடர்ந்து படிப்பவருக்கு ஒரு விஷயம் உறுத்தும். 'காக்கவில்லை' என்ற விடை மிக அரிதாகவே வருகிறது. எடுத்த செடியெல்லாம் காக்கிறது என்றால், காக்கும் செடியையும் காக்காத செடியையும் பிரித்துக் காட்டும் ஆற்றல் அந்தச் சோதனைக்கு இருக்கிறதா என்று கேட்டாக வேண்டும். எல்லா மாணவரையும் தேர்ச்சியடைய வைக்கும் தேர்வு மாணவரைப் பற்றி எதையும் சொல்வதில்லை. இக்கட்டுரையின் வாதம் இதுதான்: தாவரங்களில் சிறுநீரகத்தைக் காக்கும் பொருள்கள் இருக்கக்கூடும், ஆனால் இன்று நடக்கும் எலிச் சோதனைகள் அவற்றைக் கண்டுபிடிக்கும் வகையில் அமைக்கப்படவில்லை. அந்தச் சோதனைகளை நம்பி நோயாளி கஷாயம் குடிப்பது அவருடைய சிறுநீரகத்துக்கு மட்டுமின்றி, அவர் எடுத்துக்கொள்ளும் சிகிச்சைக்கும் ஆபத்தாகலாம்.

2. கெடுதல் நிகழும் இடம்

இதயம் வெளியே தள்ளும் இரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குப் போகிறது. நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீர் அங்கே வடிகட்டப்பட்டு, ஒன்றரை லிட்டர் அளவே சிறுநீராக வெளியேறுகிறது. மீதியை நுண்குழல்கள் திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன. இந்த உழைப்பின் பெரும்பகுதி, இரத்தத்தை வடிகட்டும் வடிமுடிச்சை அடுத்துள்ள அண்மைக் குழலின் செல்களுடையது. இரத்தத்தில் குறைந்த செறிவில் இருக்கும் மருந்து இந்தச் செல்களுக்குள் பல மடங்காகச் சேர்ந்துவிட முடியும். மருந்துக் கேட்டுக்கு முதலில் பலியாவதும் இவையே.

1963இல் கண்டறியப்பட்ட ஜென்டாமைசின் இன்றும் பச்சிளங்குழந்தைகளின் இரத்தத் தொற்று முதல் பெரியவர்களின் சிறுநீர்ப் பாதைத் தொற்று வரை பயன்படும் மலிவான, வலிமையான ஆன்டிபயாடிக். அண்மைக் குழல் செல்லின் விளிம்பில் உள்ள மெகாலின் என்ற புரதம் அதைப் பற்றி உள்ளே இழுக்கிறது. செல்லின் லைசோசோம்களில் அது தேங்கி, அங்குள்ள கொழுப்புப் பொருள்களின் சிதைவைத் தடுத்து, இறுதியில் செல்லையே அழிக்கிறது. சிகிச்சை சில நாள்களைத் தாண்டும்போது பத்து முதல் இருபத்தைந்து விழுக்காடு நோயாளிகளிடம் சிறுநீரகத் திறன் குறைவதாக மருத்துவ நூல்கள் கூறுகின்றன. சிறுநீரின் அளவு குறையாமலேயே இது நிகழ்வதால், இரத்தப் பரிசோதனை செய்யாவிட்டால் தெரியாமல் போய்விடும்.

சிஸ்பிளாட்டினின் வரலாறு தற்செயலில் தொடங்கியது. 1965இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பர்க், மின்புலம் பாக்டீரியாவை என்ன செய்கிறது என்று பார்க்கப் பிளாட்டினக் கம்பிகளைப் பயன்படுத்தினார். பாக்டீரியா பிளவுபடுவது நின்றது. காரணம் மின்சாரம் அல்ல, கம்பியிலிருந்து கரைந்த பிளாட்டினச் சேர்மம். 1978இல் அமெரிக்காவில் அது புற்றுநோய் மருந்தாக ஒப்புதல் பெற்றது. அதற்கு முன்பே, 1970களின் தொடக்கத்தில் நடந்த சோதனைகளில் சிறுநீரகக் கேடு இந்த மருந்தைக் கைவிடும் நிலைக்குக் கொண்டுவந்திருந்தது. அதைக் காப்பாற்றியது உப்புநீர். மருந்துக்கு முன்னும் பின்னும் நரம்பு வழியே உப்புநீரைத் தாராளமாக ஏற்றியபோது கேடு கணிசமாகக் குறைந்தது. அப்படியிருந்தும், இன்றுவரை ஏறத்தாழ மூன்றில் ஒரு நோயாளிக்கு ஓரளவாவது பாதிப்பு ஏற்படுகிறது. செல்லுக்குள் சிஸ்பிளாட்டினை ஏற்றிச் செல்வது முதன்மையாக ஓசிடி2 என்ற கடத்திப் புரதம். உள்ளே சென்றபின் மரபணு இழைச் சிதைவு, மைட்டோகாண்ட்ரியா பாதிப்பு, அழற்சி என்று பல வழிகளில் அது செல்லைத் தாக்குகிறது.

இரண்டு மருந்துகளும் நுழையும் வழியும் தாக்கும் முறையும் வேறு வேறு. ஆனால் தாவர ஆய்வுகள் இரண்டுக்கும் ஒரே விளக்கத்தையே தருகின்றன: ஆக்ஸிஜனேற்ற அழுத்தம் கூடுகிறது, தாவரத்தின் ஆன்டிஆக்ஸிடன்ட்டுகள் அதைத் தணிக்கின்றன. எந்தப் பூட்டுக்கும் ஒரே சாவி என்கிற இந்த விளக்கமே முதல் ஐயத்தை எழுப்ப வேண்டும். இறந்துகொண்டிருக்கும் எந்தச் செல்லிலும் ஆக்ஸிஜனேற்ற அழுத்தம் கூடும். அது சாவின் காரணமாகவும் இருக்கலாம், விளைவாகவும் இருக்கலாம். அந்த அழுத்தத்தின் குறியீடான மாலோண்டியால்டிஹைடு குறைந்தது, செல்லின் சொந்த ஆன்டிஆக்ஸிடன்ட்டான குளுட்டாதயோன் கூடியது என்று காட்டுவதால் மட்டும் இந்த இரண்டில் எது என்று தீர்மானிக்க முடியாது.

3. எலிச் சோதனையின் உள்ளமைப்பு

சிறுபீளையை எடுத்துக்கொள்வோம். பொங்கலுக்கு முன் வீட்டு முகப்பில் ஆவாரம்பூவோடும் வேப்பிலையோடும் சேர்த்துக் காப்புக் கட்டும் அதே பூளைதான். மணிப்பாலைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2004இல் அதன் எத்தனால் சாரத்தைச் சிஸ்பிளாட்டின், ஜென்டாமைசின் ஆகிய இரண்டு மாதிரிகளிலும் சோதித்து, சிஸ்பிளாட்டின் மாதிரியில் கிலோ எடைக்கு 75, 150, 300 மில்லிகிராம் என்ற அளவுகளில் பயன் கண்டதாக வெளியிட்டார்கள். அந்த மாதிரியில் கேடு தோன்றிய பிறகு சாரம் கொடுத்துப் பார்த்தார்கள் என்பது இந்த ஆய்வின் சிறப்பு. பின்னர் வந்த பெரும்பாலான ஆய்வுகள் இந்த அக்கறையைக் காட்டவில்லை. மருந்துக்கு ஒரு வாரம் முன்பே சாரத்தைத் தொடங்கிவிடுகின்றன. இரத்தத் தொற்றோடு அவசரப் பிரிவுக்கு வரும் நோயாளிக்கு ஒரு வாரம் முன்பே கஷாயம் கொடுத்திருக்க முடியாது.

அளவுகளைக் கவனிப்போம். எலிக்கு ஜென்டாமைசின் வழக்கமாகக் கிலோவுக்கு 80 முதல் 100 மில்லிகிராம், ஏழெட்டு நாள்களுக்கு. மனிதருக்கு நாளொன்றுக்கு 5 முதல் 7 மில்லிகிராம். உடல் மேற்பரப்பை வைத்துக் கணக்கிடும் முறையில் எலியின் அளவை 6.2ஆல் வகுத்தால் மனித அளவு கிடைக்கும். அதன்படி எலிக்கு 100 மில்லிகிராம் என்பது மனிதருக்கு ஏறத்தாழ 16 மில்லிகிராம், அதாவது எந்த மருத்துவரும் கொடுக்காத அளவு. கேடு எல்லா எலியிலும் உறுதியாகத் தோன்ற வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். அது புரிந்துகொள்ளத்தக்கதே. ஆனால் மருத்துவமனையில் நாம் எதிர்கொள்வது மெல்லத் தொடங்கும், சிலரை மட்டும் பாதிக்கும் கேடு. அது வேறு நிகழ்வு.

அதே கணக்கைச் சாரத்துக்கும் போடலாம். பல கட்டுரைகளில் காணப்படும் 400 மில்லிகிராம் என்ற அளவு, 60 கிலோ எடையுள்ள மனிதருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 3.9 கிராம் சாரமாகும். காய்ந்த செடியின் எடையில் பத்தில் ஒரு பங்கு சாரமாகத் தேறுகிறது என்று வைத்துக்கொண்டால், நாள்தோறும் சுமார் 40 கிராம் காய்ந்த செடி வேண்டும். அதுவும் சாராயம் போன்ற கரைப்பானில் ஊறவைத்துப் பிழிந்தது. வீட்டில் தண்ணீரில் கொதிக்கவைக்கும் கஷாயத்தில் கரையும் பொருள்களும் எத்தனால் சாரத்தில் கரையும் பொருள்களும் ஒன்றல்ல. ஆய்வகம் சோதித்தது ஒன்று, சமையலறையில் தயாராவது வேறொன்று.

சிஸ்பிளாட்டின் மாதிரியில் அளவுப் பிரச்சினை இவ்வளவு இல்லை. எலிக்குத் தரப்படும் அளவு மனித அளவை மீறுவதில்லை. அங்கே வேறொரு விடுபடல் இருக்கிறது. எலிக்கு உப்புநீர் ஏற்றப்படுவதில்லை. நோயாளிக்கு எப்போதும் ஏற்றப்படுகிறது. ஆகவே தாவரம் ஒப்பிடப்படுவது எந்தக் காப்பும் இல்லாத சிறுநீரகத்தோடு. சிறுபீளையும் நெருஞ்சிலும் மூக்கிரட்டையும் சிறுநீரைப் பெருக்குபவை என்பது பழைய அறிவு. சாரம் குடித்த எலி கூடுதலாக நீர் அருந்திக் கூடுதலாகச் சிறுநீர் கழித்திருந்தால், நாம் பார்ப்பது செடியின் தனித் திறனா, நீரின் திறனா? இதைத் தீர்க்கும் வழி கடினமானதல்ல. உப்புநீர் மட்டும் பெறும் ஒரு கூட்டத்தைச் சேர்த்தால் போதும். சிறுநீரகத் திசுவில் மருந்து எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று அளந்தால் இன்னும் தெளிவாகும். இந்த இரண்டையும் செய்த கட்டுரைகள் மிகக் குறைவு.

அளவிடும் முறையிலும் தொல்லை உண்டு. இரத்தக் கிரியேட்டினின் தாமதமாக ஏறும் குறியீடு; வடிகட்டும் திறனில் பாதியளவு இழந்த பிறகுதான் பலருக்கு அது இயல்பு எல்லையைத் தாண்டும். கிம்-1, சிஸ்டாட்டின்-சி, கிளஸ்டெரின் உள்ளிட்ட ஏழு புரதக் குறியீடுகளை எலிச் சோதனைகளில் பயன்படுத்தலாம் என்று அமெரிக்க, ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் 2008இலேயே ஏற்றுக்கொண்டன. நம் கட்டுரைகள் பல இன்னும் யூரியாவிலும் கிரியேட்டினினிலும் நிற்கின்றன. கூட்டத்துக்கு ஆறு எலி, குலுக்கல் முறை பற்றிக் குறிப்பில்லை, திசுத் துண்டைப் பார்த்து மதிப்பெண் இட்டவருக்கு எது எந்தக் கூட்டத்து எலி என்று தெரியாமல் மறைக்கப்பட்டதா என்பதும் சொல்லப்படுவதில்லை. விலங்கு ஆய்வுகளை எப்படி எழுத வேண்டும் என்ற 'அரைவ்' நெறிமுறை 2010இல் வெளியாகி, 2020இல் திருத்தப்பட்டது. அது கேட்பதெல்லாம் இந்த எளிய விவரங்களைத்தான்.

முதுநிலைப் பட்டத்துக்கு ஓர் ஆண்டுக்குள் ஓர் ஆய்வேட்டை முடித்தாக வேண்டிய மாணவரைக் குறைசொல்வதில் பயனில்லை. எலியும் மருந்தும் செடியும் எளிதில் கிடைக்கும், விடை ஏறக்குறைய உறுதி என்றால் அந்தத் தலைப்பே தேர்ந்தெடுக்கப்படும். 'காக்கவில்லை' என்று முடிந்த ஏடுகள் அலமாரியில் தங்கிவிடுகின்றன, 'காத்தது' என்பவை இதழ்களுக்குப் போகின்றன. வெளிவந்த கட்டுரைகளை மட்டும் கூட்டிப் பார்ப்பவருக்குக் கிடைப்பது பாதிப் படமே.

4. மரபின் சாட்சியம் எதுவரை?

பெரும்பாலான கட்டுரைகளின் முன்னுரையில் 'மரபாகச் சிறுநீரக நோய்களுக்குப் பயன்படுத்தப்படுகிறது' என்ற வரி இருக்கும். சித்த மருத்துவத்தில் நீரடைப்பு, நீர்ச்சுருக்கு, கல்லடைப்பு, சதையடைப்பு ஆகியவற்றுக்கு நெருஞ்சில், சிறுபீளை, மாவிலங்கப்பட்டை ஆகியவை சொல்லப்படுகின்றன. உடல் வீக்கத்துக்கு மூக்கிரட்டை. இவை நீண்ட கால மனித அனுபவத்திலிருந்து வந்தவை. அந்த அனுபவத்தை நான் மதிக்கிறேன். ஆனால் ஜென்டாமைசின் 1963க்கு முன் இல்லை. சிஸ்பிளாட்டின் எந்த வைத்தியரும் கண்டிராத நஞ்சு. கல்லடைப்பில் சிறுநீர் தடையின்றி இறங்கச் செய்யும் ஒரு செடி, மருந்தால் செத்துக்கொண்டிருக்கும் நுண்குழல் செல்லையும் காக்கும் என்பதற்கு மரபு சாட்சி சொல்ல முடியாது. அந்தக் கேள்வியை மரபிடம் யாரும் கேட்டதில்லை. மரபின் பெயரால் அதற்கு விடை சொல்வது மரபுக்கும் நியாயம் செய்வதாகாது.

எந்தச் செடி என்பதும் உறுதியில்லாத சந்தை நம்முடையது. மூக்கிரட்டை என்ற பெயரில் சாரணை கலந்து வருவது மூலிகையியலாளர் பலமுறை பதிவுசெய்த ஒன்று. நெருஞ்சில் கேட்டால் சிறுநெருஞ்சிலும் கிடைக்கும், யானை நெருஞ்சிலும் கிடைக்கும். இரண்டும் வேறு தாவரக் குடும்பங்களைச் சேர்ந்தவை. மூக்கிரட்டையில் பொட்டாசியம் உப்புகள் மிகுதி. திறன் குறைந்த சிறுநீரகத்துக்குப் பொட்டாசியத்தை வெளியேற்றுவதே சிரமம். இரத்தத்தில் அது கூடினால் இதயத் துடிப்பு நின்றுவிடும் அளவுக்குப் போகலாம். நலமான எலியின் உடலில் இந்த ஆபத்து வெளிப்படாது.

5. மனிதரிடம் சோதித்தபோது

எலியில் வென்று மனிதரிடம் தோற்ற கதைகளில் மிகத் தெளிவானது தாவரத்தினுடையதல்ல, அசிட்டைல்சிஸ்டீன் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட்டினுடையது. எக்ஸ்ரே படத்துக்காக இரத்தத்தில் செலுத்தும் சாயப் பொருள் சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். 2000இல் 83 நோயாளிகளிடம் நடந்த ஓர் ஆய்வில், அசிட்டைல்சிஸ்டீன் பெற்றவர்களில் 2 விழுக்காட்டினருக்கும் பெறாதவர்களில் 21 விழுக்காட்டினருக்கும் கேடு ஏற்பட்டதாகச் சொல்லப்பட்டது. உலகெங்கும் மருத்துவமனைகள் அதைக் கொடுக்கத் தொடங்கின. மலிவு, தீங்கு குறைவு, விளக்கமும் பொருத்தம். 2011இல் பிரேசிலில் 2308 பேரிடம் குலுக்கல் முறையில் சோதித்தபோது இரண்டு பக்கமும் ஒரே விகிதம், 12.7 விழுக்காடு. 2018இல் ஏறத்தாழ 5000 பேரிடம் நடந்த பன்னாட்டுச் சோதனையும் பயனில்லை என்றே முடிந்தது. தூய்மையான ஒற்றை மூலக்கூறு, உறுதியான அளவு, பெரும் சோதனை எல்லாம் இருந்தும் ஆன்டிஆக்ஸிடன்ட் விளக்கம் நோயாளியின் உடலில் நிற்கவில்லை. கலவைச் சாரத்தை எலியில் மட்டும் பார்த்துவிட்டு அதே விளக்கத்தில் நம்பிக்கை வைப்பவர்கள் இந்த வரலாற்றுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

தாவரப் பொருள்களில் மிகுதியாக ஆராயப்பட்டது மஞ்சளின் குர்குமின். கனடாவில் வயிற்றுப் பெருந்தமனி வீக்கத்துக்கான அறுவையின்போது குர்குமின் கொடுத்து நடத்திய சோதனை 2018இல் வெளியானது. பத்து மருத்துவமனைகள், 606 நோயாளிகள். அழற்சியும் சிறுநீரகக் கேடும் குறையும் என்பது எதிர்பார்ப்பு. குறையவில்லை. மாறாக, திடீர்ச் சிறுநீரகக் கேடு வெற்று மாத்திரை பெற்றவர்களில் 10 விழுக்காடு, குர்குமின் பெற்றவர்களில் 17 விழுக்காடு. இது மருந்தால் வரும் கேடு அல்ல, அறுவையால் வருவது. ஆகவே நேரடிச் சான்றாக இதைக் கொள்ள முடியாது. ஆயினும் எலிகளில் பல்வேறு கேடுகளிலிருந்து காத்ததாகச் சொல்லப்படும் பொருள், ஒழுங்கான சோதனையில் எதிர்த்திசையில் நகர்ந்தது என்பது கவனத்துக்குரியது.

குர்குமின் குடலில் சரியாக உறிஞ்சப்படுவதில்லை. கிராம் கணக்கில் விழுங்கினாலும் இரத்தத்தில் சிறிதளவே தென்படும். இதற்கு மாற்றாக மிளகின் பைபெரினைச் சேர்க்கிறார்கள். பெங்களூரில் நடந்த 1998ஆம் ஆண்டு ஆய்வில் 20 மில்லிகிராம் பைபெரின், குர்குமினின் இரத்த அளவைப் பல மடங்கு உயர்த்தியது. அந்த உயர்வு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் கவலை பிறக்கும். கல்லீரலிலும் குடலிலும் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளையும் வெளியேற்றும் புரதங்களையும் பைபெரின் தடுக்கிறது. சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர்கள் உண்ணும் டாக்ரோலிமஸும் சைக்ளோஸ்போரினும் சிதைவது இதே நொதிகளால்தான். அவற்றின் இரத்த அளவு கூடினால் அவையே சிறுநீரகத்தைக் கெடுக்கும். காப்புக்காகச் சேர்த்த ஒன்று கேட்டைக் கூட்டும் வழி இப்படித் திறக்கிறது. குழம்பில் போடும் மஞ்சளையும் மிளகையும் பற்றி நான் பேசவில்லை. செறிவூட்டிய மாத்திரைகளைப் பற்றியே பேசுகிறேன்.

பால்திசில் என்ற ஐரோப்பியச் செடியின் சிலிமாரின் நேரடியாகச் சிஸ்பிளாட்டினுக்கு எதிராக மனிதரிடம் சோதிக்கப்பட்டது. 2015இல் ஈரானிலிருந்து வந்த சிறு ஆய்வுகளில் ஒன்று பயன் உண்டு என்றது, இன்னொன்று இல்லை என்றது. இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் இரண்டு முடிவும் தற்செயலாக வரலாம்.

பார்டாக்ஸோலோன் தரும் பாடம் வேறு. பல தாவரங்களில் காணப்படும் ஒலியானோலிக் அமிலத்தை மாற்றியமைத்து உருவாக்கிய மூலக்கூறு அது. செல்லின் தற்காப்பு மரபணுக்களை எழுப்பும் என்ஆர்எஃப்2 என்ற புரதத்தை அது தூண்டுகிறது. இன்றைய தாவரக் கட்டுரைகள் அடிக்கடி பெயர் சொல்லும் பாதை அதுவேதான். சர்க்கரை நோயால் சிறுநீரகம் மிகவும் பழுதடைந்த 2185 பேரிடம் சோதித்தபோது கிரியேட்டினின் கணக்குப்படி சிறுநீரகத் திறன் கூடியது. அதே நேரம் இதயச் செயலிழப்பும் கூடியது. 2012இல் சோதனை பாதியில் நிறுத்தப்பட்டது. ஆய்வக எண் ஒன்று நல்ல திசையில் நகர்வதும் நோயாளி நலமடைவதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடக் கடுமையான சான்று வேண்டியதில்லை.

6. புற்றுநோயாளியின் தனிச் சிக்கல்

சிஸ்பிளாட்டின் புற்றுச் செல்லைக் கொல்லும் வழியும் சிறுநீரகச் செல்லைக் கொல்லும் வழியும் பெருமளவு ஒன்றே. ஒரு சாரம் செல்லுக்குள் குளுட்டாதயோனைப் பெருக்கி, மரபணு இழைச் சிதைவைக் குறைத்து, செல்லின் சாவைத் தடுக்கிறது என்றால், அது புற்றுக்கட்டியையும் காக்காது என்பதற்கு என்ன உறுதி? சிலிமாரினின் முதன்மைக் கூறான சிலிபினின் பற்றி ஜெர்மனியில் 1996இல் வெளியான ஆய்வு இக்கேள்வியைத் தவிர்க்கவில்லை. சிறுநீரகத்தைக் காப்பதோடு, புற்றுச் செல் வளர்ப்புகளில் சிஸ்பிளாட்டினின் வேகம் குறைகிறதா என்றும் பார்த்து, குறையவில்லை என்று காட்டியது. அது தொடங்கிவைத்த நெறியைப் பின்வந்தவர்களில் பெரும்பாலோர் விட்டுவிட்டார்கள். கட்டி இல்லாத எலியில் சிறுநீரகத்தை மட்டும் பார்த்துவிட்டு, கீமோதெரபியோடு துணை மருந்தாகலாம் என்று பரிந்துரைக்கிறார்கள். என் மதிப்பில் இந்தத் துறையின் மிகப் பெரிய குறை இதுவே. கட்டி தாங்கிய விலங்கில் சோதிக்காமல் எழுதப்படும் அந்தப் பரிந்துரை வரியை இதழாசிரியர்கள் ஏற்கக் கூடாது.

சிஸ்பிளாட்டினின் சிறுநீரகக் கேட்டைத் தடுக்க அமெரிக்காவில் 1995இல் ஒப்புதல் பெற்ற அமிஃபோஸ்டின், சூல்பைப் புற்றுக்கு மட்டும் என்ற எல்லையோடு வந்தது. காரணம் இதே அச்சம்தான். இரத்த அழுத்தச் சரிவும் வாந்தியும் அதன் பயன்பாட்டை மேலும் சுருக்கிவிட்டன.

7. காக்கும் என்று நம்பிக் குடித்தவை

செடியே சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதைப் பேசாமல் செடியின் காப்பைப் பேசுவது நேர்மையாகாது. 1990களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில் உடல் மெலிவுக்காகச் சீன மூலிகை மாத்திரை உண்ட பெண்களின் சிறுநீரகங்கள் சில மாதங்களில் நாராகிச் செயலிழந்தன. ஒரு மூலிகைக்குப் பதிலாக, பெயர் ஒத்த அரிஸ்டோலோகியா இனச் செடி கலந்துவிட்டது. பாதிக்கப்பட்டோர் நூற்றுக்கும் மேல். பின்னர் 39 பேருக்குச் செயலிழந்த சிறுநீரகங்களையும் சிறுநீர்க் குழாய்களையும் முன்னெச்சரிக்கையாக அகற்றியபோது, 18 பேரிடம் அந்தப் பாதையில் புற்று இருந்தது. 2000இல் இது வெளியானது. அரிஸ்டோலோகிக் அமிலம் இன்று உறுதிசெய்யப்பட்ட புற்றுநோய்க் காரணி. நம் ஊர் ஆடுதின்னாப்பாளையும் ஈச்சுரமூலியும் அதே பேரினத்தைச் சேர்ந்தவை. சித்த, நாட்டு மருத்துவத்தில் இன்னும் பெயர் சொல்லப்படுபவை. தமிழ்நாட்டில் இதைப் பற்றி உரக்கப் பேசாதிருப்பது எனக்கு வருத்தமளிக்கிறது.

கேரளத்தார் இரும்பன்புளி என்கிற பிலிம்பிக்காயின் சாற்றைக் கொழுப்பு குறைய வேண்டிக் குடித்த பத்துப் பேருக்குத் திடீர்ச் சிறுநீரகக் கேடு வந்ததை ஐந்து மருத்துவமனைகளின் மருத்துவர்கள் 2013இல் பதிவுசெய்தார்கள். சாற்றிலுள்ள ஆக்ஸாலிக் அமிலம் நுண்குழல்களில் படிகமாகிவிட்டது. நெருஞ்சில் சாற்றைக் கல்லடைப்புத் தடுப்புக்காக லிட்டர் கணக்கில் இரண்டு நாள் குடித்த ஈரானிய இளைஞர் ஒருவர் வலிப்போடும் சிறுநீரகக் கேட்டோடும் வந்தது 2010இல் வெளியானது. ஒற்றை நோயாளியை வைத்து நெருஞ்சிலைக் குற்றவாளியாக்க முடியாது. ஆனால் காக்கும் என்று கட்டுரைகள் புகழும் அதே செடி இது என்பதை அந்தக் கட்டுரைகளின் வாசகர் அறிந்திருக்க வேண்டும். இந்திய மருத்துவர்கள் சிலர், பாதரசம் கலந்த நாட்டு மருந்துகளுக்கும் வடிமுடிச்சைத் தாக்கும் ஒருவகைச் சவ்வு நோய்க்கும் உள்ள தொடர்பை 2022இல் வெளியிட்டார்கள். மருந்தை நிறுத்தியதும் பலருக்கு நோய் தணிந்தது. இங்கே பழி செடியினுடையதல்ல, உலோகத்தினுடையது. ஆயினும் வாங்கும் புட்டியில் எது இருக்கிறது என்பது நோயாளிக்குத் தெரியாத வரை இந்தப் பிரிப்பு அவருக்கு உதவாது.

8. எந்த வழியே போகலாம்?

தாவரத்திலிருந்து சிறுநீரகத்துக்குப் பயன் வந்ததே இல்லையா என்றால், வந்திருக்கிறது. 1835இல் ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து ஃப்ளோரிசின் பிரிக்கப்பட்டது. 1886இல் ஃபான் மேரிங் அது சிறுநீரில் சர்க்கரையை வெளியேறச் செய்வதைக் கண்டார். அது எந்தப் புரதத்தைப் பிடிக்கிறது என்பது பிற்காலத்தில் தெளிவானது. அந்தப் புரதத்தை மட்டும் குறிவைத்து வேதியியலாளர்கள் புதிய மூலக்கூறுகளை அமைத்தார்கள். அப்படி வந்த கனாகிளிஃப்ளோசினும் டாபாகிளிஃப்ளோசினும் சிறுநீரக நோய் முற்றுவதைத் தாமதப்படுத்துகின்றன என்று 2019, 2020இல் வெளியான பெரும் சோதனைகள் காட்டின. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆன பயணம் அது. மரப்பட்டைச் சாரத்தை நாற்பது எலிக்குக் கொடுத்து 'காத்தது' என்று எழுதியதோடு நின்றிருந்தால் அந்த மருந்துகள் வந்திருக்காது.

இன்று கையிலுள்ள காப்பு முறைகள் எளியவை. அவற்றையே முழுமையாகச் செய்வதில்லை. ஜென்டாமைசினை நாளுக்கு ஒரே வேளையாகத் தருவது, தேவையான நாள்களுக்கு மேல் நீட்டாமல் இருப்பது, வலி மாத்திரைகளைச் சேர்க்காதிருப்பது, உடலின் நீர் வறட்சியை முதலில் தீர்ப்பது. சிஸ்பிளாட்டினோடு உப்புநீரும் மக்னீசியமும். முடிந்தால் மருந்தையே மாற்றுவது. காசநோயில் கனாமைசின் ஊசியை உலக சுகாதார நிறுவனம் 2018இல் கைவிடச் சொன்னபோது, எந்தச் சாரமும் செய்ய முடியாத அளவுக்குச் சிறுநீரகங்களும் செவிகளும் காக்கப்பட்டன. எந்தத் தாவரச் சோதனையும் இந்த முறைகளுக்கு மேல் கூடுதலாக என்ன தருகிறது என்பதையே அளக்க வேண்டும்.

அப்படி ஒரு சோதனை தமிழ்நாட்டில் நடக்க முடியும். கருப்பைவாய்ப் புற்றுக்கும் தலை, கழுத்துப் புற்றுக்கும் கதிர்வீச்சோடு வாரம் ஒருமுறை, உடல் பரப்பின் சதுர மீட்டருக்கு 40 மில்லிகிராம் சிஸ்பிளாட்டின் பெறுவோர் நம் அரசு மருத்துவமனைகளில் ஏராளம். சிறுபீளையைத் தேர்ந்தெடுத்தால், முதலில் செடியின் இனத்தை உறுதிசெய்து, ஒவ்வொரு தொகுப்பிலும் ஆக்ஸாலேட், பொட்டாசியம், உலோகங்களின் அளவை அளந்து, மாறாத சாரமாக்க வேண்டும். அடுத்து, கட்டி தாங்கிய எலிகளில், உப்புநீர் ஏற்றிய நிலையில், சிறுநீரகத்திலும் கட்டியிலும் பிளாட்டினத்தின் அளவைப் பார்க்க வேண்டும். கட்டியில் அது குறைந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். குறையவில்லை என்றால் மட்டும் மனிதரிடம் போகலாம். சித்த மருத்துவ மைய ஆய்வுக் குழுமமும் புற்றுநோய் மருத்துவர்களும் சிறுநீரக மருத்துவர்களும் ஒரே மேசையில் அமர்ந்து திட்டமிட வேண்டிய வேலை இது. வழக்கமான காப்போடு சிறுநீரகக் கேடு 20 விழுக்காடாக இருந்து, சாரம் அதை 10 ஆகக் குறைக்கும் என்று எதிர்பார்த்தால், அதைக் கண்டறிய ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 200 நோயாளிகள் தேவை. சிறுநீரக விவரம் சில மாதங்களில் கிடைத்துவிடும். கட்டி திரும்பி வருகிறதா என்பதற்காக அவர்களை இரண்டு ஆண்டுகளாவது தொடர வேண்டும். அந்த விவரம் வருவதற்கு முன் சாரத்தைப் பற்றி எந்த அறிவிப்பும் வெளியிடக் கூடாது.